ஒரே வீட்டில் 72 ஆண்டுகள்: இல்லத்தரசி ஒருவரின் வாழ்க்கைத் தொகுப்பு உருவான விதம்

பாட்டிக்கு இறக்கும்போது வயது 91. 19 வயதில் மணமாகி அந்தச் சிற்றூருக்கு வந்தவர், கடைசிவரை அதே தெருவில் அதே வீட்டில்தான் இருந்தார். ஆறு பிரசவம், ஐந்து பிள்ளைகள் தங்கினார்கள். பேரப்பிள்ளைகள் பதினொருவர். இறந்த வாரத்தில் குடும்பத்தார் எழுதிய இரங்கல் குறிப்பு 110 சொற்களுக்குள் முடிந்துவிட்டது. பெயர்களையும் உறவுமுறைகளையும் எடுத்துவிட்டால் அதில் மிஞ்சியவை "அன்பே உருவானவர், தன்னலமற்றவர், குடும்பமே உலகமென வாழ்ந்தவர்" என்ற மூன்று தொடர்கள். எந்தப் பாட்டியின் பெயரைப் போட்டாலும் அவை பொருந்தும்.

அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கி, ஐந்து மாதத்தில் 48 பக்கத் தொகுப்பு ஒன்று எப்படி உருவானது, எங்கெங்கே தடம் மாறியது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த ஆய்வு. இங்கே வரும் பாட்டியும் குடும்பமும் மாதிரிகள். இத்தகைய தொகுப்பு வேலைகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சூழ்நிலைகள் ஒரே வீட்டுக்குள் வைத்துச் சொல்லப்படுகின்றன. வேலையை முன்னின்று செய்தவர் மூத்த மகனின் மகள். தாள்களைத் தேடிக் கொடுத்தவர் அவருடைய சித்தப்பா.

தாள்களில் அவர் எங்கே?

முதல் வாரம் பீரோவையும் பரணையும் இறக்கிப் பார்த்தார்கள். தாத்தாவின் பணி ஆணை, ஊதியச் சீட்டுகள், ஓய்வூதியப் புத்தகம், வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்புக்குக் கட்டிய முன்பண ரசீது என்று இரண்டு பெட்டி நிறைய வந்தது. பாட்டியின் பெயர் தாங்கிய தாள்கள் ஓர் உறைக்குள் அடங்கின. பள்ளிச் சான்றிதழின் நகல், திருமண அழைப்பிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளில் "தாய்" என்ற கட்டத்தில் பெயர், அவ்வளவுதான். அவர் பெயரில் வங்கிக் கணக்கு, கையெழுத்து, விண்ணப்பம் எல்லாம் தொடங்குவது 64ஆம் வயதில், கணவர் இறந்த பிறகு. அதற்கு முந்தைய 45 ஆண்டு இல்லறத்தில் அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இது அந்த வீட்டின் குறை மட்டுமல்ல. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் முறையிலேயே, சொந்த வீட்டாருக்காகச் செய்யும் சமையல், துப்புரவு, பராமரிப்பு ஆகியவை சேர்வதில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலையும் வேலைதான் என்று உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு முறையாக வரையறுத்தது 2013இல்தான். உலகில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணிநேரம் இப்படிச் சம்பளமில்லாப் பராமரிப்பில் போகிறது, அதில் நான்கில் மூன்று பங்கைப் பெண்கள் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டுச் சொன்னது. ஆகவே இல்லத்தரசியின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள், தாளை நம்பித் தொடங்கினால் கணவரின் வாழ்க்கைதான் எழுதிவரும். இந்தக் குடும்பத்தின் முதல் வரைவிலும் அதுதான் நடந்தது. முதல் பத்துப் பக்கத்தில் தாத்தாவின் இடமாற்றங்களும் பதவி உயர்வுகளும் இருந்தன; பாட்டி "உறுதுணையாக" இருந்தார்.

ஆண்டுக் கட்டம்

வரைவை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார்கள். இடது ஓரத்தில் 0 முதல் 91 வரை பாட்டியின் வயது, வரிக்கு ஒன்று. மேலே ஐந்து பத்தி: பிறப்பும் இறப்பும், வீட்டில் உடன் இருந்தவர்கள், வீட்டில் வந்த மாற்றம், ஊரில் வந்த மாற்றம், அவருடைய உடல்நலம். ஐயமில்லாத செய்தி பேனாவில், மற்றவை பென்சிலில். அதில் "வீட்டில் உடன் இருந்தவர்கள்" என்ற பத்தியைத் தவறவிடவே கூடாது. ஒரு வீட்டில் அந்த ஆண்டு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது தெரிந்தால் அவர் வேலையின் அளவு தெரிந்துவிடும். இவருக்கு 36 முதல் 41 வயதுவரை வீட்டில் எட்டுப் பேர் நிரந்தரம்.

ஆண்டை நேராகக் கேட்டால் பதில் தவறாகத்தான் வரும். நெடுங்காலத்துக்கு முன் நடந்ததை, நடந்ததைவிடச் சமீபத்தில் நடந்ததாக எண்ணுவது மனித நினைவின் பொது இயல்பு. மின்சாரம் வந்தபோது தமக்குப் பத்து வயது என்று சித்தப்பா உறுதியாகச் சொன்னார்; முன்பண ரசீதைப் பார்த்தால் அவருக்கு ஆறு. எனவே ஆண்டைக் கேட்காமல், பிறப்போடு சேர்த்துக் கேட்க வேண்டும். "வீட்டுக்குள்ள குழாய் வந்தப்ப சின்ன அத்தை நடக்க ஆரம்பிச்சுட்டாங்களா, தவழ்ந்துட்டு இருந்தாங்களா?" என்று கேட்டபோது, "சுவரைப் பிடிச்சு நின்னா, நடக்கல" என்று மூத்த மகளிடமிருந்து பதில் வந்தது. குழந்தை அப்படி நிற்பது பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில். சில மாத வித்தியாசத்துக்குள் குழாயின் தேதி அகப்பட்டுவிட்டது.

பிறந்த ஆண்டுக்கு மூன்று விடைகள் இருந்தன. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் அதற்கு இரண்டு ஆண்டு பிந்தியது, வீட்டுப் பேச்சில் "சுமார் தொண்ணூறு". அட்டையில் தேதி ஜனவரி 1 என்று இருந்தால் உடனே ஐயப்பட வேண்டும். நாள் தெரியாதவர்களுக்கு அப்படிப் பதிவது பல இடங்களில் வழக்கம். வாய்மொழியில் சொல்லும் வயது 0 அல்லது 5இல் முடிந்தாலும் அப்படியே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் இதை ஒரு தனிப் பிழையாகவே அளக்கிறார்கள். இங்கே தங்கையின் வயதையும் இருவருக்கும் இடையே பிறந்து இறந்த தம்பியையும் வைத்துப் பார்த்தபோது பள்ளிச் சான்றிதழே பொருந்தியது. தொகுப்பில் அந்த ஆண்டைப் போட்டு, மற்ற இரண்டையும் அடிக்குறிப்பில் தந்தார்கள். பின்னால் வாரிசுகள் யாராவது அட்டையை எடுத்துப் பார்த்துக் குழம்பாமல் இருக்க இது உதவும்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

15 பேரிடம் பேசினார்கள். ஐந்து பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், வெவ்வேறு வயதில் ஐந்து பேரப்பிள்ளைகள், பாட்டியின் தங்கை, எதிர்வீட்டு அம்மா, 20 ஆண்டுகள் வீட்டு வேலைக்கு வந்துபோன ஒரு பெண். வரிசையை உறவின் நெருக்கத்தை வைத்து அமைக்கவில்லை. வயதையும் உடல்நிலையையும் வைத்து அமைத்தார்கள். தங்கைக்கு 86 வயது. பாட்டியைச் சிறுமியாகப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரை முதலில் பார்க்காமல் கடைசியில் வைத்துக்கொள்வது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பிறகு அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை நிரப்ப யாரும் இருக்க மாட்டார்கள்.

எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினால் கலகலப்பாக இருக்கும், தகவல் வராது. முதலில் பேசுகிறவரின் நினைவு மற்றவர்களின் நினைவாக மாறிவிடும். மூத்தவர் சொன்னதை இளையவர் மறுக்க மாட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் ஒரு கூட்டு அமர்வு.

கேள்வியில் விடை ஒளிந்திருக்கக் கூடாது. 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த சோதனை இதற்கு நல்ல பாடம். ஒரே கார் விபத்துப் படக்காட்சியைப் பார்த்தவர்களிடம், கார்கள் "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் வேகம் மணிக்குச் சுமார் 32 மைல் என்றார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டால் சுமார் 41 மைல். ஒரு வினைச்சொல் மாறியதற்கே அவ்வளவு வித்தியாசம். "பாட்டி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க இல்ல அத்தை?" என்று கேட்டால் ஆமாம் என்பதைத் தவிர என்ன பதில் வரும்? அதையே, "அத்தை, நீங்க பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாட்டி வீட்ல எந்த இடத்துல இருப்பாங்க? கையில என்ன இருக்கும்?" என்று கேட்டதும் மூத்த மகள் சற்று யோசித்து, "பின்கட்டு வாசப்படி. கையில ஊசி. வெளிச்சம் போறதுக்குள்ள தைச்சு முடிக்கணும்னு குனிஞ்சே இருப்பாங்க, தலை நிமிர்ந்து பேச மாட்டாங்க" என்றார். இடம், கை, நேரம், வெளிச்சம் என்று நான்கும் ஒரே பதிலில் வந்துவிட்டன. பதிலுக்குப் பிறகு உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்தாறு விநாடி சும்மா இருப்பது அவசியம். சரியான செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

யாருக்கு எது தெரியும் என்பதில் ஒரு வியப்பு காத்திருந்தது. சமையற்கட்டு விவரத்தில் பிள்ளைகளைவிட மருமகள்களின் பேச்சு பல மடங்கு துல்லியமாக இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், மருமகள்களோ வளர்ந்த வயதில் வந்து, பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "அத்தை மூடியைத் திறக்கவே மாட்டாங்க, சத்தத்தை வெச்சே அடுப்பைக் குறைப்பாங்க" என்று சொன்னவர் இரண்டாவது மருமகள். வேலைக்கு வந்த பெண்ணுக்கோ பாட்டி பகல் இரண்டு மணிக்கு எப்படி இருப்பார் என்பது தெரியும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை. பிள்ளைகளிடையேயும் பார்வை ஒன்றல்ல. மூத்த மகளுக்குத் தெரிந்த அம்மா மாமியாருக்கு அஞ்சிய 25 வயதுப் பெண். கடைசி மகளுக்குத் தெரிந்தவர் வீட்டையே நடத்திய 45 வயதுக்காரர். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "அமைதியானவர், ஆனால் உறுதியானவர்" என்று எழுதினால் இரண்டு பேருமே காணாமல் போய்விடுவார்கள். யார், எந்த வயதில், எந்த வயது பாட்டியைப் பார்த்தார் என்பதை ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் குறித்தார்கள்.

பதிவுக்குச் சாதாரண கைபேசி போதும். அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துணியின் மேல் வைத்து, பேசுகிறவர் வாயிலிருந்து 30 முதல் 50 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். மேசைமேல் நேராக வைத்தால் தட்டும் ஒலி எல்லாம் ஏறும். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்த வேண்டும். நிறுத்திய குளிர்பெட்டியை மறுபடி போட மறப்பது வழக்கம் என்பதால் வீட்டுச் சாவியை அதன்மேல் வைத்துவிடலாம், சாவியில்லாமல் வெளியேற முடியாது. ஒரு நிமிடம் பேசவிட்டுக் கேட்டுப் பார்த்த பிறகே அமர்வு. ஒலித்தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் (WAV) கோப்பு என்றால் ஒற்றைத்தடப் பதிவு மணிக்கு 520 எம்பிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். அதற்கேற்ப இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியவரிடம் ஒரு அமர்வு 60 நிமிடம், மிஞ்சினால் 90. ஒரு மணிநேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணிநேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்கில் வைக்காததால், மூன்றாம் மாதத்தில் பதிவுகள் குவிந்து வேலை அப்படியே நின்றுபோனது. பிறகு பதிவு நடந்த அன்றே அரைப்பக்கக் குறிப்பும், முக்கியமான இடங்களின் நிமிடக் கணக்கும் எழுதிவிட்டு, தேவைப்பட்ட பகுதிகளை மட்டும் முழுதாகத் தட்டச்சு செய்தார்கள். பேச்சுவழக்கை ஏட்டுத்தமிழாக மாற்றவில்லை. இது நல்ல முடிவு.

38ஆம் வயதில் ஒரு நாள்

தொகுப்பின் நடுநாயகம் இந்தப் பகுதிதான், 34 முதல் 50 வயதுவரை சொல்லும் 14 பக்க இயலில் ஏழு பக்கம் இதற்கே போனது.

ஒரு பேரன் ஆர்வத்தோடு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்: 88 வயதுவரை 69 ஆண்டுகள், நாளைக்கு மூன்று வேளை, 75,000க்கும் மேற்பட்ட சமையல். எண் பெரிதுதான். ஆனால் அதைப் படித்தவருக்குப் பாட்டியைப் பற்றி ஒன்றும் கூடுதலாகத் தெரிவதில்லை. ஒரே ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதினால் தெரியும். எந்த நாள் என்பதற்கு ஆண்டுக் கட்டம் விடை சொன்னது. 38ஆம் வயதில் வீட்டில் எட்டுப் பேர், மூத்தவளுக்கு 17, கடைசிக் குழந்தைக்கு 4, மாமியார் படுக்கையில், குழாய் வந்திருந்தாலும் தண்ணீர் காலையில் ஒரு மணிநேரம்தான். அதுவும் வராத நாள்களில் தெருக்கோடிக்குப் போக வேண்டும்.

தண்ணீரை அளந்து பார்த்தார்கள். பழைய வாளி இன்னும் இருந்தது. கொள்ளளவு 15 லிட்டர். தெருக்கோடிக் குழாய்வரை நாடாவால் அளந்தால் 40 மீட்டர். மூத்த மகளும் இரண்டாவது மகனும் தனித்தனியாகச் சொன்ன எண்ணிக்கை பன்னிரண்டு நடை. அதாவது 180 கிலோ தண்ணீர். 960 மீட்டர் நடை, அதில் பாதி சுமையோடு. காலை ஆறு மணிக்கு முன்பே முடிந்த வேலை இது. "நாங்க எழுந்திரிக்கும்போது எல்லாம் நிரம்பி இருக்கும், அதனால அது வேலைன்னே தெரியாது" என்று இரண்டாவது மகன் சொன்னது அப்படியே அச்சானது.

எதை வேலை என்று எண்ணுவது என்பதற்குப் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934இல் தந்த அளவுகோல் எளிமையானது: ஒரு செயலைக் கூலி கொடுத்து வேறொருவரைச் செய்யவைக்க முடியுமானால் அது வேலை. துவைத்தல், தைத்தல், மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்தல், கணக்குச் சொல்லிக்கொடுத்தல் எல்லாம் இதில் வந்துவிடும். மணிக்கணக்கு எழுதியபோது பதினைந்தரை மணிநேரம் வந்தது.

ஆனால் தலைக்குள் நடந்த வேலை இந்தக் கணக்கில் நழுவிவிடும். சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அதை நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், பிறகு கண்காணித்தல். இந்த நான்கையும் அப்படியே கேள்விகளாக மாற்றினார்கள். "செருப்பு சிறுத்துப்போச்சுன்னு முதல்ல யார் கவனிப்பாங்க?" "எந்த மாசம் எதை வாங்கணும்னு யார் தலையில இருந்துச்சு?" பதில்கள் கொட்டின. ஐந்து பிள்ளைகளின் காலையும் பாட்டி நூலால் அளந்து, முடிச்சிட்டு, தலையணை உறைக்குள் வைத்திருந்தார்; ஆண்டுத் தொடக்கத்தில் நூலை எடுத்துப் பார்த்து யாருக்குப் புதிது, யாருடையது யாருக்கு இறங்கும் என்று முடிவு செய்வார். இரண்டாவது மகனுக்குப் பாதம் அகலம் என்பதால் அவனுடைய நூலில் மட்டும் குறுக்களவுக்கு இரண்டாவது முடிச்சு. முடிவைக் குடும்பத் தலைவரிடம் சொல்லும்போது, பணம் எவ்வளவு என்பது மட்டும்தான் பேச்சில் வரும்.

கைப்பக்குவத்தை அளப்பது

அவர் கையால் செய்த ஒரு பதார்த்தத்தின் செய்முறையைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாரும் விரும்பினார்கள். எழுதிவைத்த குறிப்பு கிடையாது. "ஒரு டம்ளர், ஒரு கை, கொஞ்சம்" என்ற வாய்மொழிதான். முதல் முயற்சியில் பேத்தி கடை அளவுக் கோப்பையையும் தன் கையளவையும் வைத்துச் செய்து பார்த்தார், சுவை வரவில்லை.

பிறகு முறையாகச் செய்தார்கள். பாட்டியின் டம்ளரைத் தராசில் வைத்து, தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போட்டால் 165 கிராம் வித்தியாசம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம், எனவே 165 மி.லி. கடையில் விற்கும் அளவுக் கோப்பையை வைத்துச் செய்தது முதல் பிழை. மூத்த மகளும் மருமகள் இருவரும் தனித்தனியாகச் செய்யும்போது, ஒவ்வொரு பொருளின் பாத்திரத்தையும் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டார்கள். கையில் எடுத்ததைத் தட்டில் கொட்டி அளந்தால் ஆள் இயல்பாக எடுக்க மாட்டார் என்பதால் இந்த வழி. "கொஞ்சம் உப்பு" மகளுக்கு 4 கிராம், இரண்டாவது மருமகளுக்கு 7. விசாரித்தால், மகள் தூளுப்பை எடுத்தார், மருமகள் கல்லுப்பை. ஒரே கரண்டியில் தூளுப்பின் எடை கூடுதலாக வரும் என்பதால் மகள் தன் கையைச் சுருக்கியே பழகியிருந்தார். பாட்டி பயன்படுத்தியது கல்லுப்பு. பாத்திரத்தின் அடிக்கனமும் மாறியிருந்தது. மெல்லிய அடியுள்ள பழைய பாத்திரத்தில் சீக்கிரம் சூடேறி, அணைத்ததும் சீக்கிரம் தணியும். கனமான புதிய பாத்திரத்தில் அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும், ஆகவே ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்க வேண்டும். சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது என்பதால், சத்தம் கேட்டு அடுப்பைக் குறைக்கும் அந்த இரண்டு நிமிடத்தை ஒளிப்பதிவு செய்து கோப்புகளோடு வைத்தார்கள்.

தையல் இயந்திரத்தில் இருந்த வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே வாங்கிய ஆண்டாகப் போட்டுவிட்டார்கள். வரிசை எண் சொல்வது ஆலையை விட்டு வெளிவந்த காலத்தை மட்டும்தான். அது ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்திய இயந்திரம் என்று எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பாட்டியின் வீட்டுக்கு வந்தது பதினோரு ஆண்டுகள் கழித்து.

படங்கள்

140 படங்களில் பாட்டி இருப்பது 31இல். குழுப்படங்களில் ஓரத்தில் நிற்பார், அல்லது உள்ளே வேலையாக இருந்ததால் இருக்கவே மாட்டார். இல்லாத படங்களையும் ஒதுக்கிவிடாமல் பின்புலத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் நல்ல பலன் இருந்தது. கொடியில் காயும் துணிகள், திண்ணையில் இருக்கும் தையல் பெட்டி, கதவிடுக்கில் தெரியும் ஒரு கை என்று அவர் வேலை அங்கே இருந்தது.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, இருபுறமும் மெல்ல இழுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் வந்துவிடும். அடம்பிடித்தால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட வேண்டும். 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும்; சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு ஏறத்தாழ 26 எம்பி வரும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், அங்கே ஸ்டூடியோ முத்திரையோ யாரோ எழுதிய பெயரோ இருக்கும். பெயர் குறிக்கப் பால்பாயிண்ட் பேனா ஆகாது. அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். மென்பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். 1970களின் வண்ணப்படங்கள் பல சிவந்து கிடந்தன; சயான் எனும் பச்சைநீலச் சாயம் முதலில் மங்குவதால் வரும் நிறம் அது. நிறம் திருத்திய நகலைத் தனியாக வைத்து, மூலக் கோப்பைத் தொடாமல் விட்டார்கள். 1990களின் படங்களில் மூலையில் அச்சாகியிருக்கும் தேதியை அப்படியே நம்பக் கூடாது. கேமராவில் மின்கலம் மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாமல் விட்ட வீடுகள் ஏராளம்.

முரண்களும் சொல்லாமல் விட்டவையும்

கடினமான பகுதி இது. பாட்டியின் நகைகள் இரண்டு முறை அடகுக்குப் போயின. முதல் முறை மூத்த மகளின் படிப்புக்கு என்கிறார் மகள். இல்லை, அவருக்கு அடுத்த பிள்ளையின் மருத்துவச் செலவுக்கு என்கிறார் மகன். ரசீதில் தேதியும் தொகையும் உண்டு, காரணம் இல்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், ரசீதின் விவரத்தை முதலில் தந்து, இரண்டு கூற்றையும் அவரவர் பெயரில் அடுத்தடுத்து அச்சிட்டார்கள். சமரசமாக "குடும்பத் தேவைக்காக" என்று எழுதச் சிலர் சொன்னார்கள். அப்படி எழுதியிருந்தால் நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்ணின் முடிவே மறைந்திருக்கும்.

மூன்றாவதாகப் பிறந்து ஐந்து மாதத்தில் இறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. தங்கை மட்டும் பேசினார், பெயரையும் சொன்னார். பதிவை நிறுத்தச் சொன்ன இடங்களில் நிறுத்தினார்கள், நிறுத்தியதற்குப் பின் கேட்டவை எழுத்தில் வரவில்லை. குழந்தையின் பெயரும் இரண்டு தேதிகளும் பிள்ளைகள் ஐவரும் ஒப்புக்கொண்ட பிறகு சேர்க்கப்பட்டன. உயிரோடு இருப்பவரைப் பற்றிய எந்தச் செய்தியும் அவர் படித்து ஒப்பாமல் அச்சுக்குப் போகாது என்பதே விதி. அந்த விதியை முதல் பேட்டிக்கு முன்பே எல்லாரிடமும் சொன்னதால்தான் பலர் மனம்விட்டுப் பேசினார்கள்.

பாட்டிக்குக் கோபம் உண்டு. தங்கிய ஐவரில் மூன்றாவது பிள்ளையிடம் ஒரு சலுகை உண்டு. மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்து, கணுக்கால் வீக்கத்தோடு இரண்டு மாதம் நடந்திருக்கிறார். இறந்தவரைக் குறை சொல்வதா என்று இவற்றை நீக்கச் சொன்னார் ஒரு மகன். நீக்காமல் வைத்தது சரியே. இவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது மறுபடியும் அந்த 110 சொல் குறிப்புதான்.

பக்க ஒதுக்கீடும் எழுத்தும்

இரண்டாவது வரைவில் கடைசி மூன்று ஆண்டுகள் மட்டும் 17 பக்கத்தை எடுத்துக்கொண்டன. 88 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, அறுவை, படுக்கை, கடைசி நாள்கள். எல்லாருக்கும் பச்சையாக நினைவிருப்பது அதுதான், துயரமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 91 ஆண்டில் அது மூன்று. எனவே எழுதும் முன்பே பக்கம் ஒதுக்கினார்கள்: 19 வயதுவரை 6, 34வரை 12, 50வரை 14, 64வரை 6, 88வரை 8, கடைசி மூன்றாண்டுக்கு 2. வெட்ட வேண்டி வந்தாலும் இளமைப் பகுதியிலிருந்து வெட்டக் கூடாது என்பதும் பேச்சு, ஏனெனில் அதற்குச் சான்றே குறைவு.

வாக்கியங்களைத் திருத்தியது ஒரே முறையில்தான்: பண்பைச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்தப் பண்பு எந்தச் செயலில் தெரிந்தது என்று எழுதுவது, எழுத முடிந்தால் பண்பை அடித்துவிடுவது. "பேரப்பிள்ளைகள்மேல் அளவற்ற பாசம் கொண்டவர்" என்றிருந்த இடத்தில் இப்போது இருப்பது இது: "விடுமுறைக்கு நாங்கள் வருவதற்கு முந்தின நாளே போர்வைகளை வெயிலில் போட்டு எடுத்து, யாருக்கு எது என்று பிரித்து அடுக்கியிருப்பார். இரண்டாவது பேரனுக்குக் கழுத்துவலி என்பதால் அவனுக்கு மட்டும் பஞ்சு குறைத்த தலையணை; அந்தப் பஞ்சைச் சின்னவனின் தலையணைக்குள் வைத்துத் தைத்திருப்பார்." செயல் கிடைக்காத பண்புகள் நான்கும் நீக்கப்பட்டன.

அச்சும் பிறகும்

40 படிகள், அமிலமற்ற தாளில், நூல் தையல் கட்டு. வெறும் பசைக் கட்டு என்றால் பலமுறை விரித்தபின் பக்கங்கள் கழன்று வரக்கூடும். ஒலி, படம், தட்டச்சு எல்லாவற்றுக்கும் மூன்று படிகள்: இரண்டு வேறுவகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் மகளிடம். வாட்ஸப்பில் படமாக அனுப்பியதை மூலமென்று யாரும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அனுப்பும்போதே சுருங்கிவிடும். கோப்பின் பெயரில் ஆண்டு, ஆள், இடம் மூன்றும் உண்டு. ஆண்டு உறுதியில்லையென்றால் "சுமார்" என்று சேர்த்தார்கள்.

படித்தவர்களிடமிருந்து நான்கு மாதத்தில் ஒன்பது திருத்தங்கள் வந்தன. இரண்டு பெயர்ப் பிழை, ஒரு படத்தில் ஆள் மாறாட்டம், மாமியார் இறந்த ஆண்டு, மற்றவை சிறியவை. ஒரு பக்கத் திருத்தத் தாள் அச்சிட்டு 40 படிகளிலும் ஒட்டினார்கள். தங்கையின் பதிவு மட்டும் இன்னும் முடியவில்லை. அடுத்த அமர்வுக்குக் குறித்து வைத்திருக்கும் கேள்விகள் மூன்று: பள்ளியை நிறுத்தியது யார் முடிவு, தையல் யாரிடம் கற்றார், திருமணத்துக்கு முன் அந்தச் சிற்றூரை ஒரு முறையாவது பார்த்திருந்தாரா.